தாத்தாவோட போட்டு எது? மூணு பத்மா, அதவிட கூட அக்ஷய், ஒரு லைஃப்பாய்

போன வருஷம் போகிக்கு பரண சுத்தம் பண்றப்ப பச்சை கலர் தகரப்பொட்டி ஒண்ணு எறங்குச்சு. அப்பா அதுல இருந்த பேப்பர் எல்லாத்தையும் கரையான் அரிச்சதுன்னு நெனச்சு வாசல்ல எரியற பாய் மேல போட போனாரு, நான் சும்மா ஒரு பேப்பர மட்டும் புடுங்கி பாத்தேன், பாத்தா தாத்தாவோட டிஸ்சார்ஜ் ஷீட்டு, அதாவது நேவிலேர்ந்து வெளிய வந்தப்ப குடுத்த பேப்பர். தாத்தா நேவில எந்த போட்டுல, அதாவது எந்த படகுல இருந்தாருங்கற தேடல் அப்ப ஆரம்பிச்சது, முடிய கிட்டத்தட்ட பதினோரு மாசம் ஆச்சு. எப்படி கண்டுபிடிச்சேன், எங்க எங்க கோட்டை விட்டேன்னு முழுசா எழுதி வச்சிடலாம்னு தான் இது, ஏன்னா நம்ம பக்கத்துல பட்டாளத்துக்கு போன தாத்தா இல்லாத வீடே கம்மி, அதுல நேவிக்கு போனவங்க கதை தான் சுத்தமா காணாம போயிடுது.

எங்க ஊரு கணியம்பாடி பக்கம். கம்மவான்பேட்டை தூரம் கெடையாது, அந்த ஊருக்கு ராணுவப்பேட்டைன்னே பேரு. வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டுல பாத்திருப்பீங்க, இந்த ஊர்லேர்ந்து 277 பேர் 1914-19 யுத்தத்துக்கு போனாங்க, 14 பேர் திரும்பி வரலன்னு கல்லுல வெட்டி வச்சிருக்கும். இந்த மாதிரி ஏரியாவுல யூனிஃபார்ம் போட்டவர்னா அவரு ஆர்மி தான், வேற பேச்சே இல்ல. எங்க தாத்தாவையும் மிலிட்டரிக்காரர்னு தான் கூப்பிடுவாங்க, அவரும் திருத்த மாட்டாரு. அவரு நேவின்னு எனக்கே பத்தாவது படிக்கறப்ப தான் தெரியும். பாலாத்துல தண்ணி வந்தா குடும்பத்தோட போய் வேடிக்கை பாக்கற ஊர்லேர்ந்து ஒருத்தர் கடலுக்கு போனாருன்னா யாரு நம்புவா. 1992ல அரக்கோணத்துல ஐஎன்எஸ் ராஜாளிங்கற நேவி விமான தளம் வந்தப்ப மட்டும், கடலே இல்லாத எடத்துல நேவியான்னு ரெண்டு நாள் பொலம்புனாராம்.

1961ல சேந்தாரு, 1976ல பென்ஷனோட வெளிய வந்தாரு, 2009ல போய் சேந்துட்டாரு. எஞ்சின் ரூம் வேலை. காது பாதி போயிடுச்சு, அதனால அவரு சாதாரணமா பேசுனாலே சண்டை போடற மாதிரி இருக்கும்.

வீட்ல மூணு கதை ஓடிட்டு இருந்துச்சு. அப்பா சொன்னது: தாத்தா இருந்த கப்பல் பேரு சர்க்கார்ஸ், பெரிய கப்பல், சர்க்காரோட கப்பல்ங்கறதால அந்த பேரு. பெரிப்பா சொன்னது: அவர் இருந்தது ஒரு சின்ன ரோந்து போட்டு, பேரு அக்ஷய், அது பத்மான்னு பேர் மாறி 71 யுத்தத்துல நம்ம பிளேனே தெரியாம குண்டு போட்டு மூழ்கிடுச்சு, தாத்தா நீந்தி வந்தாரு. ஆயா சொன்னது ரொம்ப சின்னது: "போட்ட தானம் குட்த்துட்டாங்கோ." அவ்ளோ தான். யாருக்கு தானம், எதுக்குன்னு யாரும் கேட்டதும் இல்ல, ஆயாவும் சொன்னதும் இல்ல. மூணுல எது சரின்னு பாக்கறது தான் வேலை.

மொதல்ல அப்பா கதை, அது அரை நாள்ல விழுந்துடுச்சு. டிஸ்சார்ஜ் ஷீட்டுல எங்க எங்க இருந்தாருன்னு ஒரு கட்டம், அதுல சர்க்கார்ஸ்ங்கற பேரு மூணு தடவ வருது. ஐஎன்எஸ் சர்க்கார்ஸ் கப்பலே இல்ல. விசாகப்பட்டினத்துல கரைல இருக்கற நேவி பேஸ். 1939 கடைசில வெள்ளக்காரன் காலத்துல ஆரம்பிச்சது, அந்த பக்கத்து பழைய பேரு வடசர்க்கார், அதுலேர்ந்து வந்த பேரு. நேவில கரைல இருக்கற பேஸுக்கும் கப்பல் மாதிரியே ஐஎன்எஸ் போட்டு தான் பேர் வைப்பாங்க, அங்க வேலை பாக்கறவங்க கேட்டுக்கு வெளிய போனாலே கரைக்கு போறேன்னு சொல்லுவாங்க, நிக்கறதே கரைல தான். இது தெரியாம தாத்தா பேப்பர எடுத்துட்டு அந்த கப்பலோட போட்டோ தேடுனா ஆயுசுக்கும் கெடைக்காது.

இன்னொரு விஷயம் இதுல தான் ஒளிஞ்சிருக்கு. சின்ன ரோந்து போட்டுக்கு தனியா சம்பள கணக்கு, ரேஷன் கணக்கு வச்சுக்கற அளவுக்கு ஆளும் இல்ல எடமும் இல்ல. அதனால ஆளு வேல பாக்கறது போட்டுல, கணக்கு இருக்கறது கரைல. பிரிட்டிஷ் நேவி பழக்கம் அது, பேஸ் பேர எழுதிட்டு பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள போட்டு பேர எழுதுவாங்க. தாத்தா ஷீட்டுல ரெண்டாவது சர்க்கார்ஸ், 1970 ஜூலைலேர்ந்து 1973 ஏப்ரல் வரைக்கும், அதுக்கு பக்கத்துல அப்படி ஒரு அடைப்புக்குறி இருந்துச்சு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு தான் தெரியல. 2015 மழையில பரண் ஒழுகுனதுல நீல மசி கரைஞ்சு படர்ந்துடுச்சு. மொத எழுத்து ஏ, அது நிச்சயம். கடைசி எழுத்துக்கு கீழ வால் தொங்குது, ஒய். நடுவுல வெறும் நீல மேகம்.

சரி, ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கே எழுதி கேப்போம்னு ஆயா கையெழுத்தோட ஒரு அப்ளிகேஷன் போட்டேன். அதுக்கே ஒரு கூத்து. ஷீட்டுல மாவட்டம் வட ஆற்காடுன்னு இருக்கு. 1989ல அத ரெண்டா பிரிச்சாங்க, 2019ல வேலூரையே மூணா பிரிச்சாங்க, கவுண்டர்ல இருந்த தம்பி இப்படி ஒரு மாவட்டமே இல்லையேன்னு நிமிந்து பாக்கறாரு. எப்படியோ அஞ்சு மாசத்துல பதில் வந்துச்சு, தேதி எல்லாம் கரெக்டா, எடம் மட்டும் சர்க்கார்ஸ். அடைப்புக்குறிய அவங்க டைப் பண்ணல. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நாம கேட்டது எந்த யூனிட்டுன்னு, அவங்க சொன்னதும் அது தான்.

இப்ப பெரிப்பா கதை. பேரு அக்ஷய்னு வச்சுக்கிட்டு போன்ல தேடுனா மொத வர்றது ஒரு கார்வெட், அதாவது சின்ன சைஸ் போர்க்கப்பல். சோவியத் காலத்துல அங்க கட்டுனது, 1990 டிசம்பர்ல ஜார்ஜியாவுல போட்டிங்கற ஊர்ல வச்சு நம்ம நேவில சேந்தது, 2022 ஜூன்ல மும்பைல ஓய்வு குடுத்துட்டாங்க. தாத்தா 76லயே வெளிய வந்துட்டாரு, அது கிடையாது. அடுத்து வர்றது 2024 மார்ச்ல கல்கத்தாவுல தண்ணில எறக்குன புது அக்ஷய், நீர்மூழ்கி வேட்டைக்கு. அதுவும் கெடையாது. நேவில நல்ல பேர வீணாக்க மாட்டாங்க, தாத்தா பேர பேரனுக்கு வைக்கற மாதிரி பழசு போனதும் புதுசுக்கு வச்சிடுவாங்க. ஒரு கப்பலோட கதைல இன்னொண்ணோட போட்டோ, மூணாவதோட எடை, நாலாவதோட தேதின்னு கலந்து கட்டி சுத்திட்டு இருக்கு. நானே ஒரு வாரம் கார்வெட் படத்த வால்பேப்பரா வச்சிருந்தேன், வெக்கமா இருக்கு சொல்றதுக்கு.

தோண்டுனா இன்னும் பழசு ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒரே காலத்துல. இங்க தான் நான் நல்லா சறுக்குனேன்.

மொதல்ல எனக்கு கெடச்சது கல்கத்தா துறைமுகத்தோட அக்ஷய். 1971ல பாகிஸ்தான எதிர்த்து சண்டை போட்ட வங்காளதேச விடுதலைப் படை முக்தி பாஹினிக்கு கடல்ல ஓட்ட ஒண்ணும் இல்ல, அப்ப கல்கத்தா போர்ட் டிரஸ்ட் கிட்ட இருந்த அஜய், அக்ஷய்னு ரெண்டு போட்ட வாங்கி, கிதர்பூர் டாக்ல பழுது பாத்து, 40 எம்எம் போஃபோர்ஸ் பீரங்கி மாட்டி, கண்ணிவெடி ஏத்தி, பத்மா, பலாஷ்னு பேர் மாத்தி குடுத்தாங்க. ரெண்டும் நம்ம ஐஎன்எஸ் பன்வேல் கூட சேந்து டிசம்பர் மாசம் குல்னா பக்கம் ஆத்துல ஏறி போச்சு. டிசம்பர் 10, மத்தியான நேரம், நம்ம விமானப்படை நாட் விமானங்க மேல வந்து, எதிரி போட்டுன்னு நெனச்சு தாக்கிடுச்சு. பத்மாவும் பலாஷும் போச்சு. பலாஷ் எஞ்சின் ரூம்ல இருந்த ரூஹுல் அமீன் போட்ட விட மாட்டேன்னு நின்னு கடைசில செத்தாரு, வங்காளதேசத்தோட மிகப்பெரிய வீர விருதான பீர் ஸ்ரேஷ்டோ மொத்தம் ஏழு பேருக்கு தான் குடுத்திருக்காங்க, அதுல ஒருத்தர் அவரு.

இத படிச்சதும் எனக்கு கை நடுங்கிடுச்சு. அக்ஷய், பத்மா, நம்ம பிளேன் குண்டு, எஞ்சின் ரூம், எல்லாம் பெரிப்பா சொன்னபடியே. ராத்திரி பதினொன்னரைக்கு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பெரிப்பா சொன்னது தான் சரின்னு நீளமா ஒரு மெசேஜ் போட்டுட்டேன். பெரிப்பாவுக்கு காலைல அஞ்சு மணிக்கே போன், "நான் சொன்னப்ப யார்னா கேட்டீங்களாடா?" அத்தைங்க எல்லாம் அழுவாச்சி ஸ்மைலியா போட்டு தள்ளிட்டாங்க. சித்தப்பா ஒருத்தர் தாத்தாவுக்கு அரசாங்கம் என்ன செஞ்சுதுன்னு கேட்டு மனு எழுதவே ஆரம்பிச்சிட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சு பொட்டில இருந்த நாலு போட்டோவையும் வேலூர் ஸ்டுடியோவுல குடுத்து பெருசா ஸ்கேன் பண்ணேன், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். பின்பக்கம் எதுக்குண்ணேன்னு ஸ்டுடியோ தம்பி கேட்டான், இருக்கட்டும்னு சொன்னேன். நல்லவேளை. அதுல ஒரு போட்டோல தாத்தா டெக்கு மேல லைஃப்பாய் (தண்ணில விழுந்தவங்களுக்கு தூக்கி போடற மிதவை வளையம், அதுல கப்பல் பேரு எழுதியிருக்கும்) பக்கத்துல குந்திகினு கையில டம்ளரோட சிரிக்கறாரு, பின்னாடி அவரோட குண்டு குண்டு எழுத்துல "போகி 1972, வைசாக்". பொங்கலுக்கு லீவு கெடைக்கலன்னு ஆயாவுக்கு அனுப்புனதா இருக்கணும்.

71 டிசம்பர்ல ஆத்துல மூழ்குன போட்டு மேல 72 ஜனவரில எப்படி உக்காந்து டீ குடிப்பாரு? இத்தனைக்கும் அந்த போட்டு போர்ட் டிரஸ்டோடது, நேவிக்காரங்க கல்கத்தாவுல அதுல ஏறுனாங்கன்னா அது யுத்தத்துக்கு தான், தாத்தா ஷீட்டுல 70 ஜூலைலேர்ந்தே கணக்கு விசாகப்பட்டினத்துல. வாட்ஸ்அப்ல திருத்தம் போட்டேன். ஒருத்தரும் பதில் போடல, பெரிப்பா மட்டும் கட்டவிரல் கீழ காட்டி ஒண்ணு.

அப்ப ரெண்டாவது பழசு. 1960கள் தொடக்கத்துல கல்கத்தாவுல நேவிக்காக மூணு சின்ன ரோந்து போட்டு கட்டுனாங்க, அஜய், அபய், அக்ஷய். பிரிட்டிஷ் நேவியோட ஃபோர்ட் கிளாஸ்னு ஒண்ணு இருந்துச்சு, கிட்டத்தட்ட அதே டிசைன். 117 அடி நீளம், 120 டன், மூக்குல ஒரு 40 எம்எம் போஃபோர்ஸ், வாலுல நீர்மூழ்கிக்கு போடற டெப்த் சார்ஜ். வேலை, துறைமுக வாசல்ல காவல். கார்டன் ரீச்ங்கற கல்கத்தா கப்பல் கட்டும் தளத்துல கட்டுன அஜய் தான் சுதந்திரத்துக்கு அப்பறம் நம்ம நாட்லயே கட்டுன மொத போர்க்கப்பல்னு இன்னிக்கும் அந்த தளத்துக்காரங்க பெருமையா சொல்லிக்கறாங்க. 117 அடின்னா நம்ம டவுன் பஸ் மூணு வரிசையா நிறுத்துனா எவ்ளோவோ அவ்ளோ தான். அதுல ஆபீசர், சமையல், பீரங்கி, எஞ்சின், தூங்கறது எல்லாம்.

மூணு பேருமே ஏல ஆரம்பிச்சு ஒய்ல முடியுது, அதனால ஷீட்டுல இருக்கற நீல மேகம் மூணுக்கும் பொருந்தும். இப்ப மறுபடி போகி போட்டோ. லைஃப்பாய் மேல் வளைவுல ஐ, என், எஸ். கீழ் வளைவுல போட்டு பேரு, ஆனா தாத்தா முழங்கைய அதுமேலயே வச்சிருக்காரு மனுஷன். வலது பக்கம் வெளிய தெரியறது ஏ, ஒய், அதுக்கு முன்னாடி எழுத்தோட ஒரே ஒரு கால். பெருசாக்கி பாத்தா அந்த கால் நேரா கீழ எறங்கி அடில சப்பையா முடியுது. அஜய்னா அந்த எடத்துல ஜே வரணும், ஜே அடில கொக்கி மாதிரி இடது பக்கம் வளையும். வளையல. ஹெச் தான். அஜய் அவுட்டு.

மிச்சம் அபய், அக்ஷய், ரெண்டுலயும் கடைசி மூணு எழுத்து ஒண்ணே தான். இதுக்கு எங்க பையனோட ஜாமெட்ரி பாக்ஸ்லேர்ந்து பாகைமானி எடுத்தேன். வளைவுல பேர எழுதுறவன் நடுவுல தான் எழுதுவான், அப்ப பேரோட பாதி இந்தப்பக்கம் பாதி அந்தப்பக்கம். ஏக்கும் ஒய்க்கும் நடுவுல 20 டிகிரி வருது. அஞ்சு எழுத்துன்னா கடைசி எழுத்து நடுவுலேர்ந்து 40 டிகிரி தள்ளி நிக்கணும், ஆறு எழுத்துன்னா 50. எனக்கு வந்தது 49. குதிக்கலாம்னு தோணுச்சு, ஆனா போட்டோ கொஞ்சம் சாய்ஞ்சு எடுத்தது, வட்டம் முட்டை மாதிரி நீண்டிருக்கு, 10 டிகிரி வித்தியாசத்த அந்த சாய்வே குடுத்துடும். ஏற்கனவே ஒரு தடவ குரூப்ல அசிங்கப்பட்டாச்சு, அதனால இத சந்தேகக் கணக்குல வச்சிட்டு வேற தேடுனேன்.

வேற என்னன்னா தேதி. ஷீட்டுல அந்த வரி 1973 ஏப்ரல்ல முடியுது. நேவியோட அக்ஷய் நம்ம கையவிட்டு போனது எப்பன்னு பாத்தா, 1973 ஏப்ரல். புதுசா பொறந்த வங்காளதேசத்துக்கு குடுத்துட்டாங்க. அங்க போய் அதுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா, பத்மா! 71ல மூழ்குன பத்மாவோட பேர அடுத்து வந்ததுக்கு வச்சிட்டாங்க. மறு வருஷம் அஜயையும் குடுத்தாங்க, அது சுர்மா ஆச்சு. அபய் மட்டும் நம்மகிட்டயே இருந்துச்சு.

இப்ப பாருங்க பெரிப்பா எங்க வழுக்குனாருன்னு. துறைமுகத்து அஜய், அக்ஷய் ரெண்டும் பத்மா, பலாஷ் ஆச்சு, 71ல போச்சு. நேவியோட அக்ஷய், அஜய் ரெண்டும் பத்மா, சுர்மா ஆச்சு, பொழச்சிருந்துச்சு. அதே ஊர்லேர்ந்து அதே பேர்ல அதே தேசத்துக்கு ரெண்டு ஜோடி, நடுவுல ரெண்டு வருஷம் கூட இல்ல. அக்ஷய் பத்மாவா மாறுச்சுன்னு தாத்தா சொல்லியிருப்பாரு, பத்மா மேல நம்ம பிளேன் குண்டு போட்டதுன்னு பெரிப்பா எங்கயோ படிச்சிருப்பாரு, ரெண்டையும் சேத்தா தாத்தா தானா நீந்தி வந்துடறாரு. அவர மட்டும் சொல்லி என்ன, நானும் அதே கெணத்துல தான் விழுந்தேன். கூத்து இன்னும் முடியல, 2013ல குல்னாலயே கட்டுன புது ரோந்து கப்பலுங்களுக்கும் பத்மா, சுர்மான்னு தான் பேரு. இன்னும் நாப்பது வருஷம் கழிச்சு அங்க ஒரு பேரன் உக்காந்து தலைய பிச்சிக்க போறான்.

ஆனாலும் ஏப்ரல் பொருந்துதுங்கறது மட்டும் போதுமா? ஏப்ரல்ல யாரு வேணா எங்க வேணா மாறலாம். பொட்டில பதினோரு இன்லேண்ட் லெட்டர் இருந்துச்சு, ஒண்ணுல கூட போட்டு பேரு இல்ல. மாட்டுக்கு சினை பாத்தீங்களா, மணியார்டர் வந்துச்சா, கூரைக்கு ஓலை மாத்துங்க, இவ்ளோ தான். கடைசி லெட்டர் விசாகப்பட்டினம் முத்திரை, 1973 மார்ச், அதுல வர்ற சித்திரைக்கு லீவு கெடையாது, வரமாட்டேன்னு எழுதியிருக்காரு. அத எடுத்துட்டு போய் ஆயா கிட்ட உக்காந்தேன். ஆயா கத்திரிக்கா அரிஞ்சிகினு இருந்துச்சு.

"ஆயா, இந்த வருஷம் தாத்தா சித்திரைக்கு வரலயா?"

"யார்டா சொன்னது? வரமாட்டேன்னு கடுதாசி போட்டுட்டு திடுதிப்புனு வந்து நின்னாரு. வருசப்பொறப்புக்கு ரெண்டு நாளோ மூணு நாளோ பின்னாடி. உங்க சின்ன அத்த அப்ப வயித்துல கீறா."

சின்ன அத்தை பொறந்தது 73 ஆகஸ்ட். ரேஷன் கார்டுல, டிசில, எல்லாத்துலயும் அதே.

"ஏன் திடீர்னு வந்தாராம்?"

"அதான் சொன்னனே, போட்ட தானம் குட்த்துட்டாங்கோ. போட்டு இல்லன்னா இவருக்கு அங்க இன்னா வேல? லீவு குட்த்து அனுப்பிட்டாங்கோ."

"யாருக்கு தானம்?"

"புச்சா ஒரு தேசம் வந்துச்சே, யுத்தம் முடிஞ்சி. அவுங்களுக்கு. பொண்ணு தனிக்குடித்தனம் போறப்ப நம்மூட்டு பழைய பாத்திரத்துல நல்லதா ரெண்டு பாத்து எடுத்து குடுக்கறோம்ல, அந்த மாதிரின்னாரு. குட்த்துட்டு வந்து ரெண்டு நாள் சோறு எறங்கல அந்தாளுக்கு."

அம்பது வருஷமா ஒரே வரில சொல்லிட்டு இருந்தது ஆயா மட்டும் தான், முழுசா சரியா சொன்னதும் ஆயா மட்டும் தான். தானம் குடுத்த போட்டு அக்ஷய் தான், அபய் இல்ல. ஷீட்டுல மாத்துன மாசம், லைஃப்பாய்ல 49 டிகிரி, வரமாட்டேன்னு லெட்டர், வந்து நின்ன சித்திரை, வயித்துல அத்தை, எல்லாம் ஒரே எடத்துல வந்து நிக்குது. இதுல ஒண்ண மட்டும் வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அஞ்சையும் சேத்து வச்சா பண்ணுவேன்.

காஜி கதையையும் இங்கயே சொல்லிடறேன், இல்லன்னா எங்க சித்தப்பா விட மாட்டாரு. 1971 டிசம்பர் 3 ராத்திரி விடிஞ்சா 4, பாகிஸ்தானோட காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் வாசல்லயே மூழ்குச்சு. தாத்தா அப்ப அந்த துறைமுகத்துல, அது ஷீட்டுல இருக்கு. அதனால தாத்தா போட்டு தான் காஜிய அடிச்சுதுன்னு சித்தப்பா மகன் ஒரு படமே போட்டு பரப்பிட்டான். நம்ம நேவி சொல்ற கணக்கு டெப்த் சார்ஜ் போட்டது ராஜ்புத்னு ஒரு டெஸ்ட்ராயர், பாகிஸ்தான் சொல்றது அது தானே உள்ள வெடிச்சதுன்னு. அந்த ராத்திரி வீட்டு கண்ணாடி எல்லாம் அதிர்ந்துதுன்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்களாம், தாத்தாவும் சத்தம் கேட்டேன்னு தான் சொல்லியிருக்காரு, அடிச்சேன்னு சொன்னதில்ல. கேட்டேன்னு ஒருத்தர் சொன்னத அடிச்சேன்னு மாத்தறதுக்கு நமக்கு என்ன உரிமை.

நடுவுல ஒரு தடவ காட்பாடில ரயில் ஏறி விசாகப்பட்டினமும் போய் வந்தேன். பீச்ல குர்சுரா நீர்மூழ்கிய கரைல ஏத்தி மியூசியமா வச்சிருக்காங்க, எதிர்ல 71 யுத்த நினைவுச்சின்னம். நல்லா இருந்துச்சு, போட்டோ எடுத்துக்கிட்டேன், நம்ம கேஸுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. துறைமுக வாசல்ல ரோந்து சுத்துன 120 டன் போட்டுக்கு யாரு சிலை வைப்பா.

உங்க வீட்ல யாராவது தேடறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு, பேர மொதல்ல தேடாதீங்க. பேரு மாறும், திரும்பி வரும், கரைக்கும் வைப்பாங்க கப்பலுக்கும் வைப்பாங்க. ஆளு எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும் எந்த துறைமுகத்துல இருந்தாருங்கறத மொதல்ல கட்டிப்போடுங்க, அதுக்கப்பறம் அந்த கட்டத்துக்குள்ள எந்த போட்டு நிக்குதுன்னு பாருங்க. சர்வீஸ் நம்பர் பென்ஷன் பேப்பர்லயே இருக்கும். போட்டோவ கண்டிப்பா பின்பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க. வீட்டு பொம்பளைங்க கிட்ட வருஷம் கேக்காதீங்க, அப்ப யாரு வயித்துல இருந்தாங்க, எந்த மாடு கன்னு போட்டுச்சுன்னு கேளுங்க, தேதி அச்சு மாதிரி வரும்.

போன ஞாயித்துக்கெழம தெருவுல அளந்து பாத்தோம். கொத்தனார் கிட்ட 100 அடி டேப் வாங்கி, பிள்ளையார் கோயில் படில பெரிப்பாவ நிக்க வச்சு நான் இழுத்துட்டு போனேன், நூறு அடில செங்கல் வச்சு மறுபடி 17 அடி. ரேஷன் கடை திண்ணைக்கு கொஞ்சம் முன்னாடியே முடிஞ்சிடுச்சு. பெரிப்பா அங்கேர்ந்து இங்க, இங்கேர்ந்து அங்க ரெண்டு தடவ நடந்தாரு. "இவ்ளோ தானா? இதுலயா கடலுக்கு போனாரு?" அதுக்கப்பறம் நீந்தி வந்த கதைய எடுக்கல, ஆனா வாட்ஸ்அப்ல அந்த கட்டவிரலையும் இன்னும் எடுக்கல.

ஆயா வாசப்படில உக்காந்து எல்லாத்தையும் பாத்துகினு இருந்துச்சு.

"நீட்டு சரி, குறுக்க எவ்ளோ?"

"இருபது அடி ஆயா."

ஆயா திரும்பி வீட்ட ஒரு பார்வை பாத்துச்சு. "நம்மூடு பதினெட்டு," அப்டின்னுட்டு உள்ள போய் அடுப்ப பத்த வச்சுது.